மூளை அலையில் அத்தையின் கை

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் மேஜர் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒருநாள் அது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. இன்றைக்கு யார் தலை உருளப்போகிறதோ என்று வரிசை முழுக்க மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளோ, "மேஜர்னா மேஜர்தான். அதுக்கு ஏன் கை நிக்குது?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பெருமைக்கு அவளிடம் என்றைக்குமே பஞ்சம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்தானா, அது அக்கா கொடுத்த தைரியம். அவன் மனதுக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டானா, அது அக்கா பார்த்துத் தலையாட்டியது. பெற்றவர்கள் போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனாலும் வீட்டில் ஒரு பல்பு எரிந்தால்கூட அதற்கும் தான்தான் காரணம் என்று பேசினால் கேட்கிறவன் என்ன செய்வான்? தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்ததும் கூடம் முழுக்க சாக்லேட் கொடுத்தாள். "நான் அத்தை ஆயிட்டேன், நான் அத்தை ஆயிட்டேன்" என்று ஒவ்வொரு மெஷினாக நின்று சொன்னாள். பெற்றவளைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை.

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவளை அறை வாசலிலேயே ஓர் அழுகை நிறுத்தியது. பிறந்த குழந்தை அழுவது அவளுக்குத் தெரியாதா என்ன? இது அந்த அழுகை இல்லை. மெல்லிசாக, கூராக, காதைக் கிழிக்கிற மாதிரி ஏறிக்கொண்டே போனது.

உள்ளே பாதி இருட்டு. திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. கட்டில், ஒரு நாற்காலி, கண்ணாடி மாதிரி பக்கங்கள் உள்ள ஒரு தொட்டில், அவ்வளவுதான். கட்டிலில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவியை வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். குழந்தையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தாள். குழந்தையின் கை கால் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. அடுத்தடுத்துத் தும்மியது. விரலைப் பிரிக்க முடியாதபடி முஷ்டியை இறுக்கி வைத்திருந்தது.

"ஐயோ, குளிருது போல குழந்தைக்கு! இருட்டுல உக்காந்து என்ன பண்றே?" என்று மேஜர் போய்ப் பெரிய விளக்கைப் போட்டாள். குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. எங்கிருந்தோ சிஸ்டர் ஓடிவந்து விளக்கை அணைத்தாள்.

"வெளிச்சம், சத்தம் எதுவும் ஆகாதும்மா. இன்னொரு தரம் இப்படிச் செஞ்சா உங்களை வெளியிலதான் உக்கார வைப்பேன்."

மேஜரை இதுவரை யாரும் வெளியே உட்கார வைத்ததில்லை. "யாரை, என்னையா?" என்று வாய் வரை வந்தது. தம்பி அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு. கத்துறதும் கத்தாததும் கேட்டதுக்கு அப்புறம்."

சொன்னான். போன வருஷம் வேலை பார்த்த பார்சல் கிடங்கில் அடுக்கு சரிந்து சின்னவளின் முதுகெலும்பில் அடிபட்டது மேஜருக்குத் தெரியும். டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்ததும் தெரியும். வலி குறைந்த பிறகும் அந்த மாத்திரை அவளை விடவில்லை என்பது தெரியாது. போடாவிட்டால் உடம்பு உதறி, வேர்த்து, வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் போனதும், மருந்துக் கடை கொடுக்காதபோது சந்தில் வாங்கிப் போட்டதும் தெரியாது.

"நம்ம வீட்டுல பீடி குடிக்கிறவன்கூடக் கிடையாதேடா!"

"மெதுவா பேசுக்கா."

"மெதுவாத்தான் பேசறேன்! அதுக்கும் பச்சைக் குழந்தை நடுங்குறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

தம்பி தினமும் பத்துப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித்தருகிறவன். அவனுக்குத் தெரிந்த வழியில் சொன்னான்.

"என் கார்ல எனக்கும் ஒரு பிரேக் இருக்கு இல்ல? கத்துக்கிறவன் ஓட்டுறான். நான் பக்கத்துல உக்காந்து பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே இருக்கேன்னு வெச்சுக்கோ. வண்டி நகர மாட்டேங்குதேன்னு அவன் ஆக்ஸிலேட்டரை இன்னும் இன்னும் அமுக்குவான். கடைசியில அவன் காலுக்கு அதுவே பழகிடும். அப்ப நான் சடார்னு காலை எடுத்துட்டா?"

"வண்டி பாயும்."

"அதான் நடக்குது. அவ சாப்பிட்டது கொடி வழியா பாப்பாவுக்கும் போச்சு. மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்குமாம். மருந்து அதை அமுக்கிப் பிடிச்சிருக்கு. மூளையும் விடாம, சேதியை ஏத்தி ஏத்தி அனுப்பிப் பழகியிருக்கு. கொடியை வெட்டினதும் பிரேக் போச்சு. அமுக்கின ஆக்ஸிலேட்டர் அப்படியே இருக்கு. நடுக்கம், தும்மல், தூங்காம கத்துறது எல்லாம் அதனாலதான். கொஞ்சம் கொஞ்சமா மூளை தானே காலைத் தளர்த்திடும்னு டாக்டர் சொல்றாங்க. அதுவரைக்கும் நாம தாங்கிப் பிடிச்சுக்கணும்."

"அப்ப வயித்துல இருக்கும்போதே நிறுத்தித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"திடீர்னு நிறுத்தினா வயித்துல இருக்கிறதுக்கே ஆபத்துன்னு டாக்டருங்கதான் நிறுத்த விடல. சந்து மாத்திரையை விட்டுட்டு, தினம் இங்க கவுண்டர்ல வந்து அந்த மாத்திரைக்குப் பதிலா அவங்க அளந்து கொடுக்கிற அதே வகை சிரப்பை அவங்க கண்ணு முன்னாடியே குடிக்கணும். ஒருநாள் தவறாம வந்திருக்கா. இப்பவும் போறா."

"நீ கூட்டிட்டு வந்து காட்டினியாக்கும்?"

தம்பி தலையைக் குனிந்தான். "எனக்கே தெரியாதுக்கா. மாசமா இருக்கோம்னு தெரிஞ்சதும் அவளே தனியா வந்து, இந்த மாத்திரை இல்லாம என்னால இருக்க முடியல, என் குழந்தையைக் காப்பாத்துங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. அதுக்கப்புறம்தான் என்கிட்டயே சொன்னா."

 மேஜருக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் மருந்தைவிடத் தன்னிடம் சொல்லாமல் விட்டார்களே என்பதுதான் அதிகமாகச் சுட்டது. இவ்வளவு பெரிய காரியம் இந்த வீட்டில் தன் காதுக்கு வராமல் நடந்திருக்கிறது. அதுவும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சத்தமாகப் பேசாத ஒரு பெண் தனியாகச் செய்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியின் ஏற்பாடு இதுதான். தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்க வேண்டும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா, குடித்துவிட்டு ஒரு தூக்கம் தூங்குகிறதா, அழுதால் எடுத்ததும் அடங்குகிறதா என்று மூன்றை மட்டும் பார்ப்பார்கள். மூன்றும் நடந்தால் மருந்து கிடையாது, தாய் மடியே போதும். நடக்காவிட்டால் மாடியில் உள்ள தனிப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சொட்டு மருந்து ஆரம்பிப்பார்கள். அங்கே தாய் கூட இருக்க முடியாது. பார்க்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த மாடிதான் சின்னவளின் பயம் எல்லாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவாள், குழந்தை முனகினால் எழுந்துவிடுவாள். சட்டையைத் திறந்து குழந்தையைத் தோலோடு தோல் ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பால் ஒழுங்காகக் குடிக்கத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற குழந்தையைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பிடிப்பாள்.

ஆனால் பாருங்கள், வருகிற சிஸ்டரெல்லாம் கேட்பது மேஜரிடம். "பாப்பா நல்லா குடிச்சாளாம்மா? தூங்கினாளா?" நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? மேஜரும் விடுவாளா, "குடிச்சா, குடிச்சா, நல்லா தூங்கினா" என்று தானே பாலூட்டின மாதிரி பதில் சொல்வாள். சின்னவள் குழந்தையைச் சேர்த்துப் பிடிப்பதிலேயே இருப்பாள். ஒருமுறை ஒரு சிஸ்டர் குழந்தையின் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, சின்னவளை ஒரு பார்வை பார்த்து, மேஜரிடம் திரும்பி உச்சுக்கொட்டினாள். மேஜருக்கு அந்த உச்சு பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவள் யோசிக்கவும் இல்லை.

இரண்டொரு நாளில் அழுகை கொஞ்சம் தணிந்தது. அப்பாடா என்று மூச்சுவிடும் நேரத்தில், தூக்கத்தில் குழந்தையின் கையும் தோளும் துள்ளித் துள்ளி விழுந்ததை சிஸ்டர் பார்த்துவிட்டாள். நரம்பு டாக்டர் வந்தார். கட்டையாக முடி வெட்டிய அம்மாள், பேச்சில் அவசரமே கிடையாது. இது வெறும் துள்ளலா, வலிப்பா என்று தெரிய வேண்டும், தலையில் வயர் வைத்து மூளை அலையைப் பதிவு செய்து பார்த்துவிடலாம் என்றார். அதையும் மேஜரிடம்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஒரு டெக்னீஷியன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட சிறு பெண், ஆனால் கை சுத்தம். குழந்தையின் தலையில் இடம் பார்த்துப் பார்த்துப் பசை தடவி, பொட்டு மாதிரி குட்டிக் கிண்ணிகளை ஒட்டி, மேலே மெல்லிய துணியைச் சுற்றினாள். எல்லா வயரும் ஒரு பெட்டிக்குப் போயின. திரையில் கோடுகள் அடுக்கடுக்காக ஓட ஆரம்பித்தன. தொட்டிலுக்கு எதிரே ஒரு கேமராவையும் வைத்தாள்.

"பதிவு ஓடும்போது யாரும் பாப்பாவைத் தொடக் கூடாது. தொட்டே ஆகணும்னா என்கிட்ட சொல்லிடணும், அந்த இடத்துல நான் குறிச்சு வைக்கணும். கண்டிப்பா."

"சொன்ன பேச்சைக் கேட்கிற குடும்பம்மா நாங்க" என்றாள் மேஜர்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பிரிவிலிருந்து அவசரம் என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டார்கள். "இதோ வந்துடறேன்" என்று போனாள். சின்னவள் மணியைப் பார்த்தாள். சிரப் கவுண்டர் மூடுகிற நேரம். தம்பியும் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான்.

"அண்ணி, நான் போய்க் குடிச்சுட்டு ஓடி வந்துடறேன். அழுதா இந்தப் பட்டனை அமுக்குங்க, சிஸ்டர் வருவாங்க."

"போயிட்டு வாம்மா. எனக்குத் தெரியாதா?"

அவள் போய்க் கதவு சாத்தியதுதான் தாமதம், குழந்தை நெளிந்தது. முனகியது. அந்தக் கூரான அழுகை கிளம்பியது. மேஜர் பட்டனைப் பார்த்தாள். பட்டனை அமுக்கி, அன்றைக்கு விளக்கை அணைத்தவளைக் கூப்பிட்டு, உதவி கேட்பதா? தம்பியையே வளர்த்தவள், ஒரு குழந்தையைத் தூங்க வைக்க ஆள் கூப்பிடுவதா? எழுந்துபோய்த் தொட்டிலின் மேல் குனிந்து, குழந்தையின் முதுகில் கை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். தட், தட், தட், தட். முப்பது வருஷமாக மெஷின் ஊசியோடு ஓடிய கை அது. ஒரு தட்டு முன்னே போகாது, ஒரு தட்டு பின்னே வராது. அழுகை இறங்கியது, விக்கலானது, நின்றது. குழந்தை கண்ணைச் செருகிக்கொண்டது.

"அத்தை கைன்னா சும்மாவா?" என்று குழந்தையிடமே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு நாற்காலிக்கு வந்தாள்.

டெக்னீஷியன் திரும்பி வந்ததும் கேட்டாள், "யாரும் தொடலையே?"

"இல்லையே."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொட்டேன் என்றால் வெளியே உட்கார வைப்பார்கள். அதைவிட, சொன்ன பேச்சைக் கேட்கிற குடும்பம் என்று சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்தச் சின்னப் பொய்யில் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது?

வந்தது. டெக்னீஷியன் ஓடிய பதிவைப் பின்னால் நகர்த்திப் பார்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். முகம் மாறியது. போனை எடுத்தாள். நரம்பு டாக்டர் வேகமாக வந்தார், தம்பியும் கூடவே வந்து சேர்ந்தான். டாக்டர் திரையைக் கிட்டத்தில் பார்த்தார். தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஓர் இடத்தில் திடீரென்று ஒழுங்காகி, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயிருந்தன.

"இந்த நேரத்துல பாப்பா பக்கத்துல யார் இருந்தீங்க? கேமராவுல ஒரு முதுகு மட்டும்தான் தெரியுது."

அது மேஜரின் முதுகு. நல்ல அகலமான முதுகு, குழந்தையைச் சுத்தமாக மறைத்துவிட்டது.

"நான்தான். பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"தொட்டீங்களா?"

"தொடல டாக்டர்."

"ஆட்டினது, தட்டினது எதுவும் இல்லையே?"

"இல்லை."

டாக்டர் பெருமூச்சுவிட்டார். "இந்த மாதிரி குழந்தைகள்ல சில பேருக்கு வலிப்பு வரும். மூளையில சேதி போற வேகத்தைப் பிடிக்க ஆள் இல்லாம, ஒரு கூட்டம் நரம்பு ஒண்ணா சேர்ந்து ஒரே தாளத்துல அடிக்க ஆரம்பிச்சுடும். இது அப்படித்தான் தெரியுது. மாடிக்குக் கொண்டுபோயிடலாம். வலிப்பு மருந்து போட்டா பாப்பா ரொம்ப நேரம் மயக்கத்துல இருப்பா. பால் டியூப்லதான் போகும். அம்மா மடியில இப்போதைக்கு வேண்டாம்."

இதைச் சொல்லி முடிக்கும்போது கதவருகே சின்னவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வாயோரத்தில் சிரப்பின் ஈரம்கூடக் காயவில்லை. கத்தவில்லை, அழவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போனாள். மாடிக்குப் போகிற குழந்தைக்குக் குளிருமே என்று போர்வையை எடுத்துக் காலைச் சுற்றிச் செருக ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுக்கோ கண்ணு" என்றாள் குனிந்து. "அம்மா பண்ணினதுதான். எல்லாம் அம்மா பண்ணினதுதான்."

 தட்டியதற்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று மேஜருக்குத் தெரியாது. அவள் கண்டாளா மூளையையும் அலையையும்? ஆனால் டாக்டர் இரண்டு முறை கேட்டார். சும்மாவா இரண்டு முறை கேட்பார்? ஊர் பார்க்கத் தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொண்டு கவுண்டரில் போய் நின்ற பெண், செய்யாத குற்றத்தையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு இதோ போர்வை சுற்றுகிறாள். அவளுக்குத் துணை நிற்க வேண்டிய நாமோ, ஒரு நாற்காலியை இழந்துவிடுவோமே என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறோம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்கே தோன்றியது.

"டாக்டர், நில்லுங்க. நான் தொட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பொய் சொல்லிட்டேன். குழந்தை அழுதுச்சு, தட்டிக் கொடுத்தேன். என்னை வெளியில அனுப்புங்க, என்ன வேணா பண்ணுங்க. இவ மேல பழி போட வேண்டாம்."

"அக்கா!" என்றான் தம்பி. அந்த ஒரு சொல்லில் இருந்ததை வாழ்நாள் முழுக்க அவள் மறக்கமாட்டாள். டாக்டர் திட்டவில்லை. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க தட்டினீங்க? எப்படி? அதே மாதிரி இப்ப தட்டுங்க."

மேஜர் கையைத் தொட்டிலுக்குள் நீட்டினாள். முதுகில் வைத்து மெதுவாக ஆரம்பித்தாள். நான்கு தட்டுக்குள் கை தன் பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. திரையில் கோடுகள் நெளிந்து, சேர்ந்து, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் ஏறி இறங்கின.

"நிறுத்துங்க."

நிறுத்தினாள். அலை நின்றது.

"தட்டுங்க."

வந்தது.

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்துவிட்டார். "தலை ஆடுது, வயர் ஆடுது, அதுதான் அலையா வருது. இதுக்குத்தான் அத்தனை தரம் கேட்டேன். பொதுவா மனுஷக் கை முன்னே பின்னே தட்டும், பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவேன். என்ன கைம்மா இது, மெஷின் மாதிரி!"

"டெய்லர் கை டாக்டர்" என்றாள் மேஜர். தன் கை நேர்த்தியை யாரோ புகழ்ந்து, அவள் தலை குனிந்தது அதுதான் முதல் முறை.

சின்னவள் போர்வையைப் பிடித்தபடியே கேட்டாள், "அப்ப வலிப்பு இல்லையா?"

"இந்த அலை பொய். ஆனா சிஸ்டர் பார்த்த துள்ளல் என்னன்னு இன்னும் தெரியல. பாப்பா தூங்கணும், தூக்கத்துல அது வரணும், அந்த நேரம் அலை எப்படி இருக்குன்னு பார்க்கணும். யாரும் தட்டாம, ஆட்டாம. தொட்டில்ல போட்டா அழறா. என்ன பண்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

"நான் வெச்சுக்கிட்டா?"

டாக்டர் முதல் முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். "கொஞ்சம்கூட அசையக் கூடாது. ரொம்ப நேரம் ஆகலாம். உங்க முதுகு தாங்குமா?"

"தாங்கும்."

தாங்காது என்று மேஜருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள். தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். சின்னவள் திரும்பாமலே, "வேண்டாம் அண்ணி. நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள். மேஜரிடம் இந்தக் குரலில் பேசிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று தையல் கூடத்தில் பந்தயம் கட்டுவார்கள். மேஜர் தலையணையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள்.

குழந்தை வீறிட்டது. சின்னவள் அதை நெஞ்சில் கவிழ்த்து, ஒரு கையைத் தலைக்குக் கீழும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, அப்படியே உறைந்தாள். தட்டவில்லை, ஆட்டவில்லை, தாலாட்டவில்லை. மூச்சு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. குழந்தை காலை உதைத்தது, தும்மியது, முகம் சிவக்க அழுதது. தம்பி இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தான். மேஜருக்கோ பின்னால் கட்டிய கை துடித்தது. அவள் நின்ற இடத்தில் நின்றாள். பிறகு அழுகையில் ஓர் இடைவெளி விழுந்தது. இன்னோர் இடைவெளி. இறுகிய முஷ்டிகளில் ஒன்று மெல்லப் பிரிந்து சின்னவளின் கழுத்தடியில் ஒட்டிக்கொண்டது.

தூங்கிவிட்டது. சின்னவளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கீழுதட்டைக் கடித்திருந்தாள், அது வெளுத்துவிட்டது. கால் விரல்கள் தரையில் மடங்கின. முதுகில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் நெஞ்சும் கையும் இம்மி அசையவில்லை. தொட்டில் ஆடியிருக்கும், அவள் ஆடவில்லை. மேஜர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தி வேலை செய்து அவள் பார்த்ததில்லை. நம்ம வீட்டுப் பெண், நம்ம வீட்டுப் பெண் என்று மனதுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது.

குழந்தையின் தோள் துள்ளியது. "வந்துச்சு" என்று டெக்னீஷியன் கிசுகிசுத்துக் குறித்தாள். எல்லோர் கண்ணும் திரைக்குப் போயின. மறுபடி துள்ளியது. மறுபடி.

டாக்டர் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "துள்ளல் உடம்புலதான். அலையில ஒண்ணும் இல்ல. வலிப்பு கிடையாது." பிறகு விரலால் திரையைக் காட்டினார். கோடுகள் கொஞ்ச நேரம் கொத்தாக எழுந்து, கொஞ்ச நேரம் அடங்கி, மறுபடி எழுந்து அடங்கின. "இது பிறந்த குழந்தை ஆழ்ந்து தூங்குற அலை. மருந்து விட்டுப்போன குழந்தைகளுக்கு இந்தத் தூக்கம் கிடைக்கிறதுதான் கஷ்டம். மூளை வேகத்தைத் தானே குறைக்க ஆரம்பிச்சிருக்கு. மாடிக்குப் போக வேண்டாம். வலிப்பு மருந்தும் வேண்டாம்."

தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சின்னவள் அழக்கூட இல்லை. அழுதால் நெஞ்சு குலுங்கும், குழந்தை எழுந்துவிடும்.

டாக்டர் எழுந்தார். வழக்கம்போல மேஜர் பக்கம் திரும்பினார். "சரிம்மா, இனிமே எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்றேன், கேட்டுக்குங்க. பால் வந்து..."

இந்த ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் தன்னிடம்தான் சொல்ல வேண்டும், தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"என்கிட்ட எதுக்கு டாக்டர் சொல்றீங்க? குழந்தையோட அம்மா அங்க உக்காந்திருக்கா. தூங்க வெச்சது அவ. காப்பாத்தினதும் அவதான், வயித்துல இருக்கும்போதே. நான் சும்மா அத்தை. அவகிட்ட சொல்லுங்க."

 டாக்டர் மேஜரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே போட்டு, சின்னவளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"அம்மா, உங்ககிட்ட சில விஷயம் பேசணும். இப்ப பேசலாமா, பாப்பா எழுந்ததும் பேசலாமா?"

சின்னவள் தலையை நிமிர்த்தினாள்.

"சொல்லுங்க டாக்டர்" என்றாள். "மெதுவா பேசுங்க, என் பொண்ணு தூங்குறா."